கத்தாத சாக்ஸபோன்

“நீங்க இங்கேயே வாசிங்க மாஸ்டர். நான் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்குறேன்” என்று சொல்லிவிட்டு, சோமசேகரன் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாண்டு மாஸ்டர் கமாலுதீன் தம் கையிலிருந்த ஆல்டோ சாக்ஸபோனைப் பார்த்தார். பிறகு, சாத்திய கதவைப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாகக் காரைக்காலில் கல்யாண ஊர்வலத்துக்கும் மாதா கோயில் தேருக்கும் வாசிப்பவர். பழைய வாத்தியங்களைப் பழுது பார்த்து விற்பவரும்கூட. வாங்க வந்தவர்கள் பளபளப்பைப் பார்த்ததுண்டு. சுவருக்குப் பின்னால் போய் நின்றவர் ஒருவருமில்லை.

இருந்தாலும் வாசித்தார். கதவு திறந்தது.

“இது வேணாங்க. மேலே போறப்போ கத்துது. இப்ப அவன் வச்சிருக்கிறதும் இப்படித்தான்.”

“அது வாத்தியத்தோட கோளாறு சார், பிள்ளையைக் குத்தம் சொல்லாதீங்க.” கமாலுதீன் ஒரு விசையைத் தூக்கிக் காட்டினார். “இந்தத் தோல் மூடி சரியா உக்காரலை, காத்து ஒழுகுது. புதுசா கத்துக்கிறவன் இன்னும் அழுத்தி ஊதுவான். அது இன்னும் கத்தும். மூணே மாசத்துல வெறுத்துப்போய் விட்டுடுவான்.”

“அவன் விடமாட்டாங்க” என்று சோமசேகரன் பெருமூச்செறிந்தார். “எட்டு மாசமா ஊதுறான். பிடிச்சா பிடிச்சதுதான். இன்னும் ஒரு மாசம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்னா, நான் கோட்டுச்சேரியை விட்டே ஓடிடுவேன்.”

மாஸ்டருக்கு அவரைப் பிடித்துவிட்டது. வேலைக்கு விடுப்புப் போட்டு, பஸ் ஏறி வந்து, மகனுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறவரிடம் இரண்டாந்தரச் சரக்கைத் தள்ள அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு சிகரெட் தாளைக் கிழித்து, இரண்டாவது வாத்தியத்தின் மூடிக்கும் துளைக்கும் நடுவே வைத்து, விசையை அழுத்தியபடி இழுத்தார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. அதை ஒதுக்கிவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்றாவதை இறக்கினார். பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுப் பென்ஷன்காரரிடம் வாங்கித் தமக்கென்று வைத்திருந்தது. எந்தத் துளையிலும் தாள் அசையவில்லை; இழுத்தால் கிழிந்தது.

“கை எட்டுமா சார்?”

“அதெல்லாம் நீளக் கைதாங்க.”

“முன்பல்லு உறுதியா இருக்கணும். மவுத்பீஸ் மேல்பல்லுலதான் நிக்கும்.”

“மேல்பல்லுல ஒண்ணு இல்லீங்க.”

“கீழே விழுந்துட்டானா?”

“ஒரு சண்டையில போச்சு.”

“அடப்பாவமே! அடிச்சவனைச் சும்மாவா விட்டீங்க?”

சோமசேகரன் தம் வலக்கையின் முட்டிகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சரி, போகட்டும். மவுத்பீஸ்ல ரப்பர் ஒட்டித் தர்றேன். பக்கத்துப் பல்லு பிடிச்சுக்கும்” என்று மாஸ்டர் தேற்றினார்.

சோமசேகரன் மீண்டும் வெளியே போனார். மாஸ்டர் மேலேயும் கீழேயுமாக நிறுத்தி வாசித்தார். வாசித்து முடித்த பின்னும் கதவு திறக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், மனிதர் சுவரில் காதை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“இதைக் கொடுங்க மாஸ்டர். இதுன்னா உக்காந்து கேக்கலாம்.”

கமாலுதீன் வாத்தியத்தை ஒருமுறை துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். “உங்களை மாதிரி ஒரு அப்பா எத்தனை பேருக்கு அமையும் சார்? நாளைக்கே பையனை அழைச்சுக்கிட்டு வாங்க. முதல் பாடம் நானே சொல்லித் தர்றேன்.”

“நான் கூப்பிட்டா வரமாட்டாங்க. நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய், பழசை வாங்கிக்கிட்டு இதைக் கொடுத்துடுங்க. என் பேரை மட்டும் எடுத்துடாதீங்க.”

“அட, இதென்ன சார்! அப்பா வாங்கிக் கொடுத்தாருன்னு சொன்னா வேணாம்னா சொல்லப் போறான்?”

சோமசேகரன் பெட்டியின் கொக்கியை மெல்ல மாட்டினார்.

“அப்பா தவறி ஒன்பது வருஷம் ஆச்சுங்க. வீட்டுக்கு நடுவுல சுவரு வச்சதும், தம்பி பல்லைத் தட்டினதும் நான்தான்.”