லோவில் வந்த சண்டை

மணிவேல் குட்டைக் கம்பியை இழுத்து லோ கியரில் போட்ட வேகத்தில் ஜீப்பே ஒரு ஏப்பம் விட்டது.

"ஏறுங்க மாமா. ஒங்க மகளை ஒங்க வூட்டுலயே கொண்டாந்து வுட்டுர்றேன்."

"நீ என்னய்யா வுடுறது? நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, அவன் ஜீப்பிலேயே பின்னால் ஏறினேன். அந்த மழையில் வேறு வண்டி கிடையாது.

என் மகள் பூங்குழலி கைக்குழந்தையோடு முன்னால் ஏறினாள். புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார ஜீப்பில் வசதி இல்லை. இருந்தும் உட்கார்ந்தாள்.

வினை குழந்தையின் காதில் இருந்தது.

அன்று காலைதான் குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன், அதாவது என் மகன் தமிழழகன், அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே கரிசல் சேற்றில் முழங்கால் புதைய நின்றிருந்தான். சீர்த்தட்டு ஏற்றிவந்த வேன் அச்சு வரைக்கும் உள்ளே போய்விட்டது. கார்த்திகை மழையில் கரிசல் மண் பிடித்தால் லேசில் விடாது. என் வலது செருப்பு இன்னும் அங்கேதான் குடியிருக்கிறது.

மணிவேலுக்கு ஆள் அனுப்பினோம். அவனிடம் ஏலத்தில் எடுத்த இந்த ஜீப் இருந்தது. பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டைக் கம்பியை லோவுக்கு இழுத்தால் நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வும். வேகம் செத்துப்போகும். ஆனால் கிணற்றில் விழுந்த யானையைக்கூட இழுத்துக் கரையில் போடும்.

அவன் வரவில்லை. நல்ல நேரம் போய்விடும் என்று, தன் சேக்காளி அரியமுத்துவின் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்தி முடித்துவிட்டான்.

தட்டுகளைத் தலையில் சுமந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அரியமுத்து பந்தியில் இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டிருந்தான். தமிழழகன் கொண்டுவந்த தட்டுகளோடு அப்படியே திரும்பி நடந்தான்.

நான் நின்று பேசினேன். பேசியதை அச்சில் போட மாட்டார்கள்.

"எங்கண்ணனுக்கு இல்லாத மரியாதை எனக்கு மட்டும் எதுக்கு? நான் போறேன்" என்று பூங்குழலி பெட்டியைக் கட்டினாள். இனித் திரும்பி வருகிற உத்தேசம் இல்லை என்பது பெட்டியின் கனத்திலேயே தெரிந்தது.

ஜீப் சேற்றில் இறங்கியது.

லோவில் எஞ்சின் போடுகிற கூச்சலைக் கேட்டால் திருச்சியே தாண்டியிருப்போம் என்று தோன்றும். வெளியே எட்டிப் பார்த்தால் அதே வேலிக்கருவை மரம் நிற்கும்.

அந்தக் கூச்சலில் திட்டியதில் பாதி காதில் விழாமல் வீணாய்ப் போனது. வீணானதை மறுபடியும் திட்டினார்கள்.

"தாய்மாமன் செத்தா போய்ட்டான், அடுத்தவன் மடியில உக்கார வைக்க?"

"நேரம் போயிருச்சுடி!"

"இப்ப மட்டும் போவலியா ஒன் நேரம்? ஊருற பாரு, ஆமையாட்டம்!"

"ஹையில போட்டா புதைஞ்சிரும்!"

"எங்கண்ணன் புதைஞ்சு நின்னப்ப இந்த லோ எங்கய்யா போச்சு?"

மணிவேல் ஆக்சிலேட்டரை மிதித்தான். ஜீப் இன்னும் கொஞ்சம் கத்தியது, அவ்வளவுதான்.

ஒரு மரவட்டை எங்களை முந்திக்கொண்டு போனது. சக்கரத்தில் அப்பியிருந்த மண்ணில் ஒரு சோள விதை முளைத்து இரண்டு இலை விட்டது. இரண்டையும் நான்தான் பார்த்தேன். மற்ற இரண்டு பேரும் சண்டையில் மும்முரமாக இருந்தார்கள்.

ஒருவழியாகத் தார் ரோடு வந்தது.

மணிவேல் ஜீப்பை நிறுத்தினான். தோற்றவன் மாதிரி ஒரு மூச்சு விட்டுவிட்டு, ஹைக்கு மாற்றக் குட்டைக் கம்பியில் கையை வைத்தான். இனிப் பத்தே நிமிஷம், வாலிகண்டபுரத்தில் எங்கள் வீடு. பெட்டியும் பிள்ளையும் இறங்கிவிட்டால் கதை முடிந்தது.

பூங்குழலி அவன் கையில் பட்டென்று ஒன்று போட்டாள்.

"கைய எடுய்யா. ரோடு வழுக்குது."

அந்தப் பக்கம் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டில் கடலை காயப்போட்டிருந்தார்கள்.

மணிவேல் ரோட்டைப் பார்த்தான். கடலையைப் பார்த்தான்.

"ஆமா. பயங்கரமா வழுக்குது" என்றான்.

லோவிலேயே ஜீப் நகர்ந்தது. சண்டையும் விட்ட இடத்திலிருந்து நகர்ந்தது. கடலை காயவைத்த பெண்கள் பின்னால் நடந்தே வந்து எங்கள் மூன்று பேரையும் நிதானமாகத் திட்டிவிட்டுப் போனார்கள்.

என் கோபத்துக்கு அந்த வேகம் கட்டுப்படியாகவில்லை. பின்பக்கமாகக் குதித்து, ஜீப்பைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தேன்.

வெகுதூரம் வந்த பிறகும் மணிவேலின் குரல் முதுகில் வந்து விழுந்தது.

"நாளைக்கே போயி ஒங்கண்ணங்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்டி!"

எஞ்சின் சத்தத்தில் பூங்குழலிக்குக் கேட்கவில்லையாம். மூன்று தடவை கத்தவைத்தாள். எனக்கு மூன்று தடவையும் கேட்டது.

வீட்டு வாசலில் என் மனைவி உண்ணாமலை நின்றிருந்தாள்.

"மவ எங்கங்க?"

"வந்துக்கிட்டே இருக்கா."

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பூங்குழலி புருஷன் பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து போகிறாள்.

அந்த ஜீப் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.