மூன்றாவது வரி

வீட்டில் இருந்தது ஒரே ஒரு லேப்டாப். என் கணவர் திறந்து பார்க்க முடியாத இடத்தில் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதனால் விண்டோஸை அவருக்கு விட்டு, டிஸ்க்கைச் சரிபாதியாகப் பிரித்து, என் பாதியில் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டேன்.

"இன்னிக்கு இதுல பாதி. நாளைக்கு வீட்டு நடுவுல கோடு கிழிப்ப" என்றார்.

"கிழிச்சா உங்க பக்கத்தை நீங்கதான் பெருக்கணும்."

மறுபடி ஆன் செய்ததும், எதைத் திறப்பது என்று கேட்டு, இரண்டு வர வேண்டிய இடத்தில் மூன்று வரிகள் வந்தன. மூன்றாவதற்குப் பெயர் இல்லை.

"அது யாருக்கு?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும்."

"நான் தொட மாட்டேன். அப்புறம் என் தலையிலதான் விடியும்."

நானும் தொடவில்லை. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பத்து விநாடியில் முதல் வரிதான் தானாகத் திறக்க வேண்டும். மூன்றாவது திறந்தது. பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நடுவில் ஒரு புள்ளி அழிந்து, மறுபடி விழுந்தது.

அக்காவுக்கு நான் இன்னும் எழுதாத கடிதம் திரையில் விரிந்தது. முதல் வரியிலேயே, நான் இந்த வீட்டைவிட்டுக் கிளம்பும் தேதி இருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.