கண்ணாடி பீரோவில் ஒரு டாங்க்

நூலகத்தில் எதிர்கால டாங்க் யுத்தம் பற்றிய நாவல் ஒன்று இருந்தது. ‘அவசியம் படிக்க வேண்டியவை’ என்று சீட்டு ஒட்டி, அழுக்குப் படக்கூடாதென்று அதைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். டாங்க் நாவலுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

எதிர் அலமாரியில் அட்டை கிழிந்து நின்ற ரோபோ நாவலைப் பார்த்து, “கண்டவன் கையும் பட்டு இப்படிக் கந்தலாயிட்டியேப்பா! என் டாங்கை அணுகுண்டாலும் அசைக்க முடியாது, தெரியுமா?” என்றது.

“சரிங்கண்ணே. உங்க முதுகுல ஏதோ ஊருதே?” என்றது ரோபோ.

“புத்தகப் பூச்சிதான். எட்டு அத்தியாயத்தைத் தின்னுட்டான், இன்னும் எழுந்திரிக்க மனசில்லை அவனுக்கு,” என்று பூரித்தது டாங்க். “பூட்டைத் தாண்டி வந்த ஒரே வாசகனாச்சே, எப்படிப்பா விரட்டுறது?”