கயிறு பிடித்தவன்

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெபசெல்வியின் கணவனுக்கு நினைவு ஆராதனை நடத்துவதென்று வீட்டார் முடிவு செய்திருந்தார்கள். சண்டைக் காலத்தில் அவன் ஏறிய ரங்கூன் கப்பல் காணாமல் போய் நான்கு வருடமாகிவிட்டது. அவள் மட்டும் அவன் வருவான் என்றே இருந்தாள். மனம் தேறட்டும் என்று அண்ணன் ஞானசிகாமணி அவளை நாசரேத்திலிருந்து தூத்துக்குடி பார்க்கக் கூட்டி வந்தான்.

மாதா கோயிலையும் உப்பளங்களையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தார்கள். மரப்பாலத்தின் முனையில் ஒருவர், கடலுக்குள் இறங்கிய கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வே, நீரு யாருக்காவது மச்சினனா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"இவ புருசனுக்கு. எதுக்குக் கேக்கீரு?"

"சங்கு குளிக்கவன் கயித்த மச்சினந்தான் பிடிக்கணும். தங்கச்சி தாலிய நெனச்சாவது விடமாட்டாம்லா. இந்தாரும், ஒரு சோடா குடிச்சிட்டு வாரேன்."

"ஊர் பாக்க வந்தவன வேலைக்கு வச்சிட்டாரே!" என்று அண்ணன் சிரித்தான்.

போனவர் திரும்பவில்லை. அங்கே தண்ணீர் இடுப்பளவுதான். அடிமணல் தெளிவாகத் தெரிந்தது; ஆள் யாரும் இல்லை. கயிறு இரண்டு தரம் சுண்டியது. அண்ணன் இழுத்தான். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஈரக் கயிறு முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது.

"ஏளா, பஸ்ஸு போயிரும். விட்டுரட்டா?"

"இழுங்கண்ணே."

அவள் உட்கார்ந்து, வந்த கயிற்றை மடியில் சுற்றத் தொடங்கினாள். அடுத்து வந்த முழம் இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் யாரோ அதைப் பிடித்திருந்ததுபோல.