தொட்டிலடிப் பூனை

பூனை ஏன் தொட்டிலடியிலேயே காத்துக் கிடந்தது என்பது ஆஸ்பத்திரியில்தான் கோமளாவுக்குப் புரிந்தது. பாலிலும் பருப்பிலும் இருக்கும் ஒரு சத்தை அவள் குழந்தையின் உடம்பால் பிரிக்க முடியவில்லை. பெற்றவர்கள் இருவரிடமிருந்தும் வந்த கோளாறு. "அது தேங்குனா மூளையைக் கெடுக்கும்மா. மூத்திரத்துல, வேர்வையில எலி வாடை அடிக்கும்," என்றார் டாக்டர்.

பாலுக்குப் பதிலாக, அந்தச் சத்து இல்லாத தனி மாவு கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் பூனை தொட்டிலை மறந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டது.

பத்து நாள் வெளியூர் வேலை முடிந்து வந்த கோமளா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தொட்டிலடியில் பூனை.

"என்னங்க, பாப்பாவுக்கு என்ன குடுத்தீங்க?"

"நீ எழுதி வச்ச மாவுதான்," என்றான் கணவன், பால்புட்டியைக் கழுவிக்கொண்டே.

பூனை அதைக் காதில் வாங்கவில்லை. எலி எப்படியும் வெளியே வந்துதான் ஆகவேண்டும் என்பதுபோல் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது.