போர்வைக்குள் ஒரு பந்தயம்

வாகட் பகுதியின் அடுக்ககம் ஒன்றில், வீட்டு ஹாலில், மத்தியான வெளிச்சத்தில், இரண்டு திரைகளிலும் ஒரே கேம் ஓடுகிறது. ஒரே தெரு, ஒரே மழை. ஒன்று குமரவேல் மாதக்கணக்கில் உட்கார்ந்து தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டர். மற்றது மைத்துனன் ஆதித் கடையில் வாங்கிவந்த கன்சோல். ஹாலில் ஒன்றுக்குத்தான் இடம். தோற்றது லாஃப்டுக்குப் போகும். தீர்ப்பு குமரவேலின் மனைவி பார்கவியுடையது. எது யாருடையது என்று அவளுக்குத் தெரியக்கூடாதாம். அதனால் கன்சோலுக்கு ஒரு துண்டு, குமரவேலின் கம்ப்யூட்டர் பெட்டியில் மின்னும் வண்ண விளக்குகள் தெரியாதிருக்க அதற்கு மட்டும் சோலாப்பூர் போர்வை, இரண்டாக மடித்து. முடிவு வரும்வரை யாரும் தொடக்கூடாது என்பதும் குமரவேல் போட்ட சட்டம்தான்.

"தேங்குன தண்ணியில கடை போர்டு தெரியுது பாரு. அந்தத் துல்லியத்தைப் பாரு," என்கிறான் குமரவேல் மனைவியிடம். பார்கவி பட்டாணி உரித்தபடி பார்க்கிறாள். போர்வைக்குள் விசிறிகள் மூச்சுமுட்டி இரைகின்றன. அதன் திரையில், இடப்பக்கம், மழை விக்கி விக்கிப் பெய்து, பாதி வழியில் அப்படியே நிற்கிறது.

"மாமா, சூடாகுதுங்க. போர்வைய எடுத்துரட்டுங்களா?" என்கிறான் ஆதித்.

குமரவேலின் கை போர்வை வரை போய்த் திரும்புகிறது. "ரூல்னா ரூல்தான் மாப்ள."

"எது உங்களுதுன்னு எனக்குத் தெரியலைங்க," என்று கூசாமல் பொய் சொல்கிறாள் பார்கவி. "ஆனா இந்த இடது பக்கத்துது பாவம். அதுக்கு முடியலைங்க."

ஆதித் சத்தமில்லாமல் ஸ்டூலைக் கொண்டுவந்து லாஃப்டுக்குக் கீழே போடுகிறான்.

"பாத்துத் தூக்கு மாப்ள," என்கிறான் குமரவேல். "உன்னுதவிட வெயிட் ஜாஸ்தி."