பேசக் கூடாத பெட்டி

மற்ற ஸ்பீக்கர்களை எல்லாம் அணைத்துவிட்டு, அடித்தொனிக்கான சப்வூஃபர் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டுதான், அதற்குள் குரல் போகாமல் வடிகட்டும் கிராஸ்ஓவர் ஃபில்டரை ஜெசிந்தா சரிசெய்வாள். அவள் கணவன் அருள்சீலன் மேடையில் நின்று மைக்கில் பேச வேண்டும். ஒரு சொல் புரிந்தாலும், "பெட்டி இன்னும் பேசுது" என்று குமிழை இறக்குவாள். சப்வூஃபர் அதிரலாம், பேசக் கூடாது. மீட்டரெல்லாம் கிடையாது, காதுதான். சொற்கள் கரைந்து வெறும் அதிர்வாகிற இடத்தில் அவள் விரல் தானாக நிற்பதைப் பதினோரு வருடமாகப் பார்த்தும் அவனுக்கு வியப்பு தீரவில்லை.

இன்று கல்யாண மண்டபம். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி அலுத்தவன், பெட்டி வெறுமனே முனகத் தொடங்கியதும், இனி யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் மைக்கை உதட்டோடு ஒட்டி முணுமுணுத்தான்.

"சவுண்ட் செட்டிங் பூரா நான்தான்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியுறேன். எனக்கு ஒரு எழவும் தெரியாது. எல்லாம் உன் காதுதான்."

தரை அதிர்ந்தது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பந்தல்காரர்கள் நிமிரக்கூட இல்லை.

ஜெசிந்தா குமிழிலிருந்து விரலை எடுத்தாள். மற்ற ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"சப்வூஃபர் சரியாயிட்டு," என்றாள். "இப்ப எல்லாத்தையும் சேத்துப் பாக்கணும். கடைசியா சொன்னீங்கல்லா, அதையே இன்னொருக்க சொல்லுங்க."